முந்தைய படத்தின் மேல் எழுதப்படும் இசை: மில்க்டிராப் இயங்கும் விதம்

ஒலிக்கும் பாட்டைத் திரையில் காட்சியாக்கும் கணினி நிரல் மில்க்டிராப். நொடிக்கு 60 தடவை ஒரே வேலையைத்தான் அது திரும்பத் திரும்பச் செய்கிறது. திரையில் சற்றுமுன் இருந்த படத்தை எடுத்துச் சிறிது வளைக்கிறது, சிறிது மங்கச் செய்கிறது, அதன்மேல் அந்தக் கணத்து ஒலியின் அலைக்கோட்டை வரைகிறது. பிறகு அந்தப் படமே அடுத்த சுற்றுக்கு மூலப்பொருளாகிறது. பாட்டுக்கு ஏற்பத் திரையில் விரிந்து சுழலும் ஒளிவெள்ளத்தை முதன்முறை பார்ப்பவர்கள், கணினி இசையை நுட்பமாகப் புரிந்துகொண்டு ஓவியம் தீட்டுகிறது என்றே நினைப்பார்கள். உண்மையில் இசையிலிருந்து அது எடுத்துக்கொள்வது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் முறையில்தான் அழகு முழுவதும் பிறக்கிறது.

இசையைப் படமாக்கும் கருவிகள் இதற்கு முன்பும் இருந்தன. ஸ்டீரியோவையும் தொலைக்காட்சியையும் இணைத்து, பாட்டுக்கு ஏற்ப வண்ண வைர வடிவங்களைக் காட்டிய அட்டாரி நிறுவனத்தின் கருவி 1977-இல் விற்பனையில் இருந்தது. வினாம்ப் என்னும் பாட்டு இயக்கிக்கான துணைநிரலாக ரயன் கைஸ் எழுதிய மில்க்டிராப் 2001-இல் வெளிவந்தது. அவரே முன்னர் எழுதிய ‘கைஸ்’ என்னும் நிரலும் இதே வழியில் இயங்கியதுதான். ஆனால் அது படத்தை வளைக்கும் வேலையைக் கணினியின் மையச் செயலியிடம் விட்டிருந்தது. மில்க்டிராப் அந்தச் சுமையைக் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்றியது. 2005-இல் அதன் மூல நிரல் திறந்துவிடப்பட்டது. அதே வழிமுறையை மற்ற இயங்குதளங்களுக்குக் கொண்டுசென்ற ‘புராஜெக்ட் எம்’ என்ற திறமூல நிரலும் இன்று புழக்கத்தில் இருக்கிறது.

முதலில் ஒலி எப்படி உள்ளே வருகிறது என்று பார்ப்போம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 எண்களாகப் பதிவாகிறது. ஒவ்வோர் எண்ணும் அந்த நொடித்துளியில் காற்றழுத்தம் இருந்த நிலையைக் குறிக்கும் ஒரு மாதிரி. வினாம்ப் தன் காட்சி நிரல்களுக்கு ஒவ்வொரு தடவையும் இடப்பக்கத்துக்கு 576, வலப்பக்கத்துக்கு 576 என மாதிரிகளைக் கொடுக்கிறது. காலக் கணக்கில் இது சுமார் 13 மில்லி நொடி. பாட்டு கோப்பிலிருந்து வருகிறதா, மேடை மிக்ஸரிலிருந்து கணினியின் ஒலி உள்ளீடான லைன்-இன் வழியாக நேரடியாக வருகிறதா என்பதில் நிரலுக்கு எந்த வேறுபாடும் இல்லை. இந்த எண்களை வரிசையாகப் புள்ளிவைத்து இணைத்தாலே அலைக்கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டை வட்டமாகச் சுருட்டினால் துடிக்கும் வளையமாகிவிடும்.

அடுத்து, அதே மாதிரிகளில் தாழ்ந்த ஒலி எவ்வளவு, உயர்ந்த ஒலி எவ்வளவு என்று பிரித்தறிய வேண்டும். இதற்கு ஃபூரியர் மாற்றம் என்னும் கணிதம் பயன்படுகிறது. நேரடியாகக் கணக்கிட்டால் 512 மாதிரிகளுக்கு இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல்கள் தேவைப்படும். ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவு முறையில் அது சில ஆயிரங்களாகக் குறைந்துவிடுகிறது.

இங்கே இயற்கையே விதித்த ஓர் எல்லை குறுக்கிடுகிறது. 13 மில்லி நொடி மட்டும் கேட்ட ஒலியில், ஏறத்தாழ 77 ஹெர்ட்ஸுக்கும் குறைவான இடைவெளியில் ஒன்றையொன்று நெருங்கியிருக்கும் இரண்டு சுரங்களைப் பிரித்துச் சொல்ல இயலாது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் மத்திம ஸ்தாயி ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ்; அதற்கு அடுத்த சுத்த ரிஷபம் அதைவிட ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ்தான் கூடுதல். இந்த இரண்டையும் வேறுபடுத்த வேண்டுமானால் நொடியில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 125 மில்லி நொடி, காத்திருந்து கேட்க வேண்டும். அதற்குள் திரையில் ஏழெட்டுப் படங்கள் கடந்துபோயிருக்கும், தாளத்தின் அடியும் நழுவிப் போயிருக்கும். சுரத்தைத் துல்லியமாக அறிவதா, அடியை உடனே பிடிப்பதா என்ற தேர்வில் மில்க்டிராப் அடியைத் தேர்ந்துகொண்டது. கண்ணுக்காக எழுதப்பட்ட நிரலுக்கு இதுவே சரியான முடிவு என்பது என் எண்ணம்.

ஆகவே ஒலி முழுவதும் பேஸ் (தாழ்ந்த ஒலி), மிட் (இடைப்பட்ட ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) என்னும் மூன்று எண்களாகச் சுருக்கப்படுகிறது. இவை ஒலியின் நேரடி அளவுகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தந்தப் பகுதியின் இப்போதைய வலிமையை, அந்தப் பாட்டில் அது வழக்கமாக இருந்துவந்த சராசரியால் வகுத்துப் பெறப்படும் விகிதங்கள் அவை. 1 என்றால் வழக்கமான நிலை, 0.7-க்குக் கீழே போனால் அமைதி, 1.3-க்கு மேலே போனால் உரத்த ஒலி. மெல்லிய வீணையும் ஆர்ப்பரிக்கும் ராக் இசையும் ஒரே திரையை ஒரே அளவு நிரப்புவதற்கு இந்த வகுத்தல்தான் காரணம். இதன் மறுபக்கமாக, மாறாமல் ஒலிக்கும் தம்புராவைக் கொடுத்தால் மூன்று எண்களும் சிறிது நேரத்தில் 1-ஐ ஒட்டி அமர்ந்துவிடும். மாற்றம் மட்டுமே இங்கே செய்தியாகிறது.

மூன்று எண்களும் ஓர் அலைக்கோடும் எப்படி அவ்வளவு பெரிய காட்சியாகின்றன? பழைய படம் அழிக்கப்படாமல் இருப்பதால்தான். வீடியோ கேமராவை அதன் படம் தெரியும் தொலைக்காட்சியை நோக்கியே திருப்பி வைத்தால், திரைக்குள் திரையாக முடிவில்லாத சுரங்கம் ஒன்று தோன்றும். வந்த விளைவு மீண்டும் உள்ளீடாகச் செல்லும் இந்தப் பின்னூட்டத்தை மில்க்டிராப் கணக்காகவே செய்கிறது. ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தை ஒரு விழுக்காடு மட்டும் பெரிதாக்கினால் கண்ணுக்கு ஏதும் தெரியாது. ஆனால் ஒரு நொடியில் 60 படங்கள் கடப்பதால் நடுவில் வரையப்பட்ட வளையம் ஏறத்தாழ 1.8 மடங்காக விரிந்துவிடும். பெரிதாக்கும் அளவை ‘0.98 + 0.03 × பேஸ்’ என்று எழுதிவைத்தால், வழக்கமான ஒலியில் அது 1.01-ஆகவும், பேஸ் 1.5-ஐத் தொடும் அழுத்தமான அடியில் 1.025-ஆகவும் இருக்கும். அந்த ஒரு சிறு வேறுபாடே திரை முழுவதும் திடீரென்று நம்மை நோக்கிப் பாய்வதாகத் தோன்றச் செய்கிறது.

இத்தகைய சமன்பாடுகளின் தொகுப்புக்குப் ‘ப்ரீசெட்’ என்று பெயர். பயனர்கள் தாங்களே எழுதிப் பகிர்ந்த ப்ரீசெட்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பெரிதாக்குதல், சுழற்றுதல், நகர்த்துதல் ஆகியவற்றைத் திரையின் ஒவ்வோர் இடத்துக்கும் வெவ்வேறாக அமைக்கலாம். ஆனால் 1024-க்கு 768 அளவுள்ள திரையில் கிட்டத்தட்ட 7,86,000 பிக்சல்கள் இருப்பதால், ஒவ்வொன்றுக்கும் சமன்பாட்டைக் கணக்கிடுவது 2001-ஆம் ஆண்டுக் கணினிகளுக்கு இயலாத காரியம். திரையைக் குறுக்கே 32, நெடுக்கே 24 கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களின் மூலைகளான 825 புள்ளிகளில் மட்டும் கணக்கிட்டால் போதும். இடைப்பட்ட பிக்சல்களைக் கிராபிக்ஸ் கார்டே நிரவிக்கொள்ளும். துணியின் சில முனைகளை மட்டும் பிடித்து இழுத்தாலும் துணி முழுவதும் மடிப்பு விழுவதைப் போன்றது இது. 2007-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு பிக்சலுக்கும் நிரல் எழுதவே இடம் கொடுத்துவிட்டது.

நேரடி நிகழ்ச்சியில் காலதாமதம் தனிச் சிக்கலாகிறது. ஒலியைச் சேகரிக்க 13 மில்லி நொடி, ஒரு படத்தைத் தீட்ட 17 மில்லி நொடி, அதற்குமேல் புரொஜெக்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் என்று தாமதம் கூடிக்கொண்டே போகிறது. ஒலி படத்துக்கு முந்தினால் சுமார் 45 மில்லி நொடியிலேயே மனிதர் அதை உணர்ந்துவிடுகிறார்கள். ஒலி பிந்தினால் சுமார் 125 மில்லி நொடி வரை அதை உணர்வதில்லை என்று ஒளிபரப்புத் துறையின் சர்வதேசப் பரிந்துரை குறிப்பிடுகிறது. இடியைவிட மின்னல் முந்தி வரும் உலகில் பழகிய புலன்கள் அல்லவா. அதனால்தான் ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி அமர்ந்திருப்பவருக்கு, ஒலி வந்துசேரவே 50 மில்லி நொடி ஆகிவிடுவதால், திரை பிந்துவது தெரிவதில்லை. முதல் வரிசையில் இருப்பவருக்குத்தான் அது உறுத்தும்.

பாட்டு முடியும் கணத்தையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். அலைக்கோடு சட்டென்று நேர்கோடாகிவிடும். ஆனால் கடைசி அடியில் பிறந்த வளையங்கள் நிற்பதில்லை. ஒவ்வொரு படத்திலும் தம் ஒளியில் 98 விழுக்காட்டை மட்டும் தக்கவைத்துக்கொண்டு வெளியே நகர்ந்துகொண்டிருக்கும். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவான ஒளி எஞ்சும். இரண்டாவது நொடி முடியும்போது பத்தில் ஒரு பங்குகூட இராது. நேர்கோடு மட்டும் தன் பழைய நிழல்களுக்கு நடுவே வரையப்பட்டுக்கொண்டே இருக்கும்.