சினைப்பைக்கும் கருக்குழாய்க்கும் நடுவே ஓர் இடைவெளி

பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளைப் படம் வரையச் சொன்னால், மாணவர்களில் பலர் கருக்குழாயின் நுனியை, முட்டை உருவாகும் சினைப்பையோடு ஒட்டியே வரைந்துவிடுவார்கள். மார்க்கும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆனால் உடலுக்குள் அப்படி ஓர் ஒட்டு கிடையாது. குழாயின் அகன்ற வாய் அடிவயிற்றுக்குள் திறந்தே இருக்கிறது. வாயின் ஓரமெல்லாம் விரல்போல் தொங்கும் சவ்வுகள். அவற்றில் ஒன்று மட்டும் சற்று நீண்டு சினைப்பையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள நேரடித் தொடர்பு அவ்வளவுதான்.

ஆணின் உடலில் இப்படி இல்லை. விரையில் உருவாகும் விந்தணு, வெளியேறும்வரை மூடிய பாதையிலேயே போகிறது. பெண்ணுக்கோ யோனி, கருப்பைவாய், கருப்பை, கருக்குழாய் வழியாக வெளியிலிருந்து வயிற்றறை வரைக்கும் ஒரு திறந்த வழி. யோனியில் தொற்றிய கிருமி மேலேறி அடிவயிறு முழுவதும் அழற்சியை உண்டாக்க முடிவது இதனால்தான். குழந்தையின்மைக்குச் செய்யும் 'ட்யூப் டெஸ்ட்'டும் இந்தத் திறப்பை நம்பியதுதான். கருப்பைவாய் வழியாக ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் முக்கோணமாகக் கருப்பை, அதன் இரு மூலைகளிலிருந்தும் நூல்போலக் குழாய்கள், நுனியில் வயிற்றுக்குள் சிந்திப் பரவும் வெண்மை. சிந்தினால் வழி திறந்திருக்கிறது என்று பொருள்.

சரி, ஒட்டவில்லை என்றால் கருமுட்டை எப்படிக் குழாய்க்குள் போகிறது?

முட்டை மிகச் சிறியது. குறுக்களவு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், பென்சில் முனையால் வைத்த புள்ளியைவிடச் சிறிது. ஆனால் அது தனியாக வருவதில்லை. சினைப்பையின் மேல்பரப்பில் முட்டையைத் தாங்கிப் பக்குவமடைந்த நுண்பை உடைந்ததும், பிசுபிசுப்பான செல் கூட்டம் ஒன்று சுற்றிப் போர்த்த நிலையில் வெளிவருகிறது. அந்த நேரத்தில் குழாயின் விரல்கள் ரத்தம் ஊறிப் புடைத்து, சினைப்பையின் மேல் கவிந்து தடவிக்கொண்டிருக்கும். விரல்களின் உட்புறத்தில் குற்றிழைகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள், நொடிக்கு ஐந்தாறு முறை கருப்பையின் திசையில் அடித்துக்கொண்டே இருக்கின்றன. பிசுபிசுப்பு அவற்றில் மாட்டிக்கொள்ள, முட்டை உள்ளே இழுக்கப்படுகிறது. ஒரு பக்கச் சினைப்பையின் முட்டையை மறுபக்கக் குழாய் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஒரு பக்கம் குழாயும் மறுபக்கம் சினைப்பையும் மட்டுமே மிஞ்சியிருந்த பெண்கள் இயல்பாகவே கருத்தரித்திருக்கிறார்கள்.

இத்தாலியின் படுவா நகரில் கற்பித்த கபிரியேலே ஃபலோப்பியோ 1561இல் வெளியிட்ட நூலில் இந்தக் குழாயை விவரித்தார். அதனால்தான் இதற்கு ஃபலோப்பியன் குழாய் என்ற பெயர். ஆனால் பாலூட்டியின் கருமுட்டையை முதன்முதலில் கண்டவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேர். அது 1827இல், அதுவும் ஒரு நாயின் உடலில். குழாயை விவரித்து இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகுதான் அதில் பயணிக்கும் முட்டை கண்ணில் பட்டது!

குழாயின் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர். சினைப்பைப் பக்கம் அகலமாகவும், கருப்பையை நெருங்க நெருங்கக் குறுகலாகவும் இருக்கும். இங்கே போக்குவரத்து இருவழி. முட்டை கருப்பையை நோக்கி வர, விந்தணுக்கள் எதிர்த்திசையில் ஏறுகின்றன. கோடிக்கணக்கில் புறப்பட்டாலும் அகன்ற பகுதியை எட்டுபவை சில நூறுதான். விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கலாம். முட்டைக்கோ 12 முதல் 24 மணி நேரமே ஆயுள். அதனால் விந்தணு முன்பே வந்து காத்திருந்தால் வாய்ப்பு கூடுகிறது. இரண்டும் சேர்வது கருப்பைக்குள் அல்ல, குழாயின் அகன்ற பகுதியில்.

சேர்ந்த பிறகும் கரு உடனே இறங்குவதில்லை, மூன்று நாள்போலக் குழாயிலேயே தங்கிப் பிளவுபட்டுப் பெருகுகிறது. முன்னதாகப் போய்ச் சேர்ந்தால் கருப்பையின் உட்சுவர் அதை ஏற்கத் தயாராக இருக்காது. அப்புறம் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குழாயின் தசையைத் தளர்த்த, குறுகலான வழி திறந்து கரு கருப்பைக்குள் வருகிறது.

குற்றிழைகள் சேதமடைந்தால் இந்தக் கணக்கு தப்புகிறது. கிளாமிடியா போன்ற பால்வினைத் தொற்று, முந்தைய அறுவை சிகிச்சையின் தழும்பு, புகைப்பழக்கம் எல்லாம் இதில் சேர்த்தி. வழியில் நின்றுவிட்ட கரு அங்கேயே வேர்விட்டால் அது ட்யூப் கர்ப்பம். கருப்பையைப் போல விரிய முடியாத குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒரு பக்க வலி, தலைசுற்றல் வந்தால் காத்திருக்கவே கூடாது. சிலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். உள்ளே கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதுதான் காரணம். வாய்வுப் பிடிப்பு என்று தைலம் தடவிப் படுக்கவைப்பதுதான் இதில் மிக ஆபத்தான வைத்தியம்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனில் வெட்டிக் கட்டுவதும் இந்தக் குழாயைத்தான். கருப்பையையோ சினைப்பையையோ தொடுவதில்லை. ஆகவே மாதவிடாய் வழக்கம்போல வரும், முட்டையும் வெளிவரும்; வழியில்லாத முட்டையை உடலே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். 'ஆபரேஷன் செய்தால் ரத்தம் உள்ளேயே தேங்கிவிடும்' என்ற பயத்துக்கு உடற்கூறியலில் இடமில்லை.

குழாயே அடைபட்டிருந்தால்? இங்கிலாந்தின் லெஸ்லி பிரவுனுக்கு அதுதான் சிக்கல். மருத்துவர்கள் அவருடைய முட்டையை நேரடியாகச் சினைப்பையிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்தார்கள். எட்டு செல்களாகப் பிளவுபட்ட பிறகு கருவைக் கருப்பைக்குள் வைத்தார்கள். 1978 ஜூலை 25 அன்று அவருடைய மகள் லூயிஸ் பிரவுன், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாகப் பிறந்தார். இன்றும் இப்படி உடலுக்கு வெளியே கருத்தரிக்கவைக்கும் ஐவிஎஃப் மையங்களில் கருவை மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோதான் உள்ளே வைக்கிறார்கள். அதுவரை குழாய் பார்த்திருக்க வேண்டிய வேலையை இன்குபேட்டர் பார்க்கிறது.