அச்சில் நேர்ந்த பிழையா, பிறகு பட்ட அடியா?

கோணலான காசு ஒன்று கிடைத்தால், நாணயச்சாலையில் பிழையாக அடிபட்ட அரிய காசு என்று நம்பி உடனே படம் எடுத்து, "இது எத்தனை லட்சம் போகும்?" என்று கேட்கிறார்கள். நாணய வணிகத்தில் இருக்கும் எனக்கு இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை தண்டவாளத்தில் நசுங்கியவை, தீயில் கருகியவை, அரத்தால் ராவப்பட்டவை.

எந்தக் காசைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறை நாணயச்சாலையில் எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்க முடியும்? தகட்டிலிருந்து வில்லையை, அதாவது உருவம் பதியாத வெறும் வட்டத்தை, வெட்டும்போதா, விளிம்பை உயர்த்தும்போதா, இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடிக்கும்போதா? எந்தக் கட்டமும் பொருந்தவில்லை என்றால், அது வெளியே வந்தபின் பட்ட காயம்.

நாங்கள் 'லக்கி' என்று சொல்லும் காசை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்த காசு வெளியேறாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன்மேல் அடிபடுகிறது. அதனால் ஒரு பக்கம் சிங்க முகப்பு எப்போதும்போல் புடைத்திருக்கும். மறுபக்கத்தில் அதே சிங்கம் இடவலம் மாறிக் குழிந்திருக்கும். அந்தப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய மதிப்பு எண் பதிந்திருக்கவே முடியாது. போலி செய்பவர் இரண்டு காசுகளைப் பட்டறை வைஸில், அதாவது திருகி இறுக்கும் பிடிகருவியில், வைத்து இறுக்குகிறார். குழிந்த உருவம் வந்துவிடும், ஆனால் அதன் அடியில் பழைய எண்ணின் மிச்சம் தெரியும். வைஸின் தாடை அழுத்திய பக்கத்தில் புடைப்புகள் தட்டையாகியிருக்கும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும், சில நொடிகளில் தெரிந்துவிடும்.

பிறை வடிவில் ஓரம் குறைந்த காசு இன்னொரு வகை. தகடு சரியாக நகராமல், ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் மறுபடி வெட்டினால் இது நேரும். அப்படி உண்மையாக நேர்ந்தால், குறைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். உலோகம் வெற்றிடத்தை நோக்கி ஓடியிருப்பதால் அருகிலுள்ள எழுத்துகள் சற்று இழுபட்டிருக்கும். பின்னால் அறுத்த காசில் எழுத்து கத்தரித்தாற்போல் நிற்கும்.

தராசு இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. 1992 முதல் வந்த தடித்த செப்பு-நிக்கல் ஐந்து ரூபாயின் எடை 9 கிராம். அது 7 கிராம் காட்டினால், முதலில் அமிலத்தைச் சந்தேகியுங்கள்: எழுத்துகளும் சேர்ந்து மெலிந்து, பரப்பு அரித்துப்போயிருக்கும். 6 கிராம் காட்டி காந்தத்திலும் ஒட்டினால், அது 2007இல் வந்த எஃகுக் காசு, பிழையே அல்ல. ஆண்டுக்குக் கீழே, எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி இல்லை என்று பரபரப்பவர்களுக்கும் இதே பதில்தான். மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா குறியே இடுவதில்லை.

பத்து ரூபாயில் நடு வில்லை விலகியிருந்தால், வளையத்தையும் வில்லையையும் கடக்கும் கோடுகளைப் பாருங்கள். அச்சில் விலகிய காசில் அவை முறியாமல் தொடரும். பிடுங்கித் திருப்பிப் பொருத்தியதில் இணைப்பிலேயே துண்டாகும். இருபுறமும் தலை உள்ள காசு என்றால் விளிம்பின் உட்புறத்தில் இணைப்புக் கோட்டைத் தேடுங்கள். மாயவித்தைக்காரருக்காகக் கடைந்து பொருத்திய சாமானாகவே அநேகமாக இருக்கும்.

ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ பொறித்த '1818 ஒரு அணா'வைக் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு என்று பூஜையறையில் வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை. இதைச் சொல்லும்போது சிலருக்கு என்மீது கோபம் வருகிறது. பக்திக்காக வைத்திருப்பதில் தவறில்லை, பணம் கொடுத்து மட்டும் வாங்காதீர்கள்.

நிஜமான பிழைக் காசு கிடைத்தாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்; பளபளப்பு ஏற ஏற விலை இறங்கும். பெரிய தொகை தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமோ வரியோ முன்பணமாகக் கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். பழைய நாணயப் பரிமாற்றத்துக்கு எந்தக் கட்டணமும் கமிஷனும் தாங்கள் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.