டீச்சரம்மாவின் நோட்டு யார் கையில் இருக்கிறது?

சிறப்புக் குழந்தைகளுக்குப் பல வருஷம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை ஒருவர் காலமானால், சேலம் அம்மாப்பேட்டையானாலும் ஏற்காட்டு மலைக் கிராமமானாலும், வாசலில் கூடும் கூட்டமே அவர் யாரென்று சொல்லிவிடும். காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவர் வளர்த்த பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் எங்களைப் போன்றவர்களின் கவலை. பல வருஷமாகப் பழக்கியது சில மாதங்களில் கலைந்துபோகலாம். கலையாமல் காக்கவும் முடியும்.

முதலில் பிள்ளையிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். ‘அவனுக்கு என்ன புரியப்போகுது’ என்று பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தினமும் கைப்பிடித்து வகுப்புக்குள் அழைத்துப்போனவர் இன்று இல்லை என்பது அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைக்கும் தெரியும்; காரணம்தான் தெரியாது. ‘டீச்சர் தூங்குறாங்க’ என்றால் ராத்திரி படுக்கவே பயப்படலாம். ‘ஊருக்குப் போயிருக்காங்க’ என்றால், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளும் ஆட்டிசப் பிள்ளை தினமும் வாசலில் காத்திருக்கும். டீச்சரின் போட்டோவைக் கையில் கொடுத்து, ‘டீச்சர் இறந்துட்டாங்க. அவங்க உடம்பு இனி வேலை செய்யாது. இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டாங்க. உனக்குச் சொல்லிக்கொடுக்க வேற டீச்சர் வருவாங்க’ என்று சொன்னால் போதும். அம்மா, அப்பா, ஆயா, வேன் ஓட்டுநர் எல்லோரும் இதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் இருபது தடவை கேட்டாலும் அதே பதில்தான். அன்றன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டும் பட அட்டவணையிலிருந்து டீச்சரின் போட்டோவைச் சத்தமில்லாமல் உருவிவிடாதீர்கள். பிள்ளையின் கையாலேயே எடுக்கவைத்து, ஒரு டப்பாவில் வைத்து, வேண்டும்போது பார்க்க விடுங்கள்.

துக்கம் சில வாரம் கழித்துகூட வெளிப்படும். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு திரும்பும், சாப்பாட்டைத் தள்ளும், தலையில் அடித்துக்கொள்ளும். அதை அடம் என்று அடிக்க வேண்டாம். துக்கம்தான் என்று நாமாக முடிவுகட்டவும் வேண்டாம். காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், விட்டுப்போன வலிப்பு மாத்திரை ஆகிய நான்கையும் முதலில் பாருங்கள். பேசத் தெரியாத பிள்ளை வலியையும் தலையில் அடித்துக்கொண்டுதான் சொல்லும்.

அடுத்தது அந்த நோட்டு, பிள்ளைகளைப் பற்றிய அவருடைய குறிப்பு. நல்ல சிறப்பாசிரியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம், அதாவது அந்தப் பிள்ளைக்கு மட்டும் எதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை, எழுதியிருப்பார். அது கோப்பில் இருக்கும். அதைவிட முக்கியமான பாதி அவர் கையிலும் கண்ணிலுமே இருந்திருக்கும்.

சட்டைப் பொத்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு படி: சட்டையின் இரு ஓரத்தையும் சேர்ப்பது, ஒரு கையால் பொத்தானைப் பிடிப்பது, மறு கையால் துளையோரத்தைப் பிடிப்பது, பொத்தானைப் பாதி நுழைப்பது, மறுபக்கம் வந்த பாதியைப் பிடிப்பது, இழுத்துவிடுவது. கைதேர்ந்த ஆசிரியை கடைசியிலிருந்து தொடங்குவார். ஐந்து படியைத் தானே செய்து, ஆறாவதை மட்டும் பிள்ளையிடம் விடுவார். அந்த ஒரே இழுப்பில் பொத்தான் மாட்டிவிடும், முகம் மலரும். அது பழகியதும் ஐந்தாவதும் ஆறாவதும், பிறகு நான்காவதிலிருந்து. புதிதாக வருபவர் இது தெரியாமல் முதல் படியில் ஆரம்பித்தால், பிள்ளை திணறிச் சட்டையைப் பிடித்து இழுக்கும். ‘பழைய டீச்சர்கிட்ட மட்டும்தான் செய்வான்’ என்று பேராகிவிடும். ‘பொத்தான்: 4 வரை நான், 5, 6 அவன். முழங்கையை லேசாகத் தொட்டால் போதும்’ என்று ஒரு வரி இருந்தால் அடுத்த நாளே தொடரலாம்.

இப்படி ஒரு பிள்ளைக்கு ஒரே பக்கம் எழுதுங்கள். ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ என்பதை எப்படிக் காட்டுவான், வலி வந்தால் என்ன செய்வான், எந்தச் சத்தத்துக்கு மிரளுவான், கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு வேலையிலும் எந்த அளவு உதவி. வலிப்பு உண்டென்றால் மருந்தின் பெயரும் நேரமும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கையில் இரும்பைத் திணிக்காமல் நேரம் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் மருத்துவமனைக்கு. மலைக் கிராமங்களில் வண்டி வரத் தாமதமாகும் என்பதால், அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் மருந்து பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். எழுதிய பக்கத்தின் ஒரு பிரதி அம்மாவிடம், ஒன்று பள்ளிகளுக்கு உதவும் கல்வித்துறையின் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரிடம். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், அது பிள்ளையின் அந்தரங்கம். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு, பிள்ளை பொத்தான் போடுவதை இரண்டு நிமிஷ வீடியோவாக எடுத்துக் கொடுங்கள்.

இதையெல்லாம் அந்த ஆசிரியை இருக்கும்போதே செய்வது இன்னும் நல்லது. பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவன் 1936-இல் இறந்தார். கெல்லரின் உலகம் அதோடு இருண்டுவிடாததற்கு ஒரு காரணம், உதவியாளர் பாலி தாம்சன் 1914-லேயே அந்த வீட்டுக்கு வந்து, உள்ளங்கையில் விரலால் எழுத்துகளைக் காட்டிப் பேசும் கெல்லரின் கைவிரல் பேச்சுக்குப் பழகியிருந்ததுதான். 1955-இல் கெல்லர் இந்தியா வந்தபோதும் பக்கத்தில் இருந்தவர் தாம்சன். நம் பள்ளிகளுக்கு இருபது வருஷம் கேட்கவில்லை. ஓய்வுபெறப் போகும் ஆசிரியையோடு அடுத்தவர் ஒரு பருவம் சேர்ந்து வேலை செய்ய விட்டாலே போதும். வருபவர், சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்தவரா என்று பெற்றோர் கேட்கலாம், கேட்கத் தயங்காதீர்கள்.

ஊருக்குள் அவர் செய்துவைத்ததை யாரும் எழுதிவைப்பதில்லை. வேண்டியதைக் கேட்கப் பேசாத பிள்ளை நீட்டிய பட அட்டையைப் பார்த்து, பத்து விநாடி பொறுத்து பிஸ்கட் எடுத்துக் கொடுக்கும் பெட்டிக்கடை அண்ணன்; தள்ளுமுள்ளு அடங்கிய பிறகு பிள்ளையை ஏறவிடும் கண்டக்டர்; இவர்களைப் பழக்கியதும் அவர்தான். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அம்மாக்கள் விடியலிலேயே எஸ்டேட்டுக்குப் போய்விடுவதால், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தை மாற்றியிருப்பார். கீழே செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில், பற்றவைப்பும் அமிலக் கழுவலும் ஆபத்தென்று ஒதுக்கி, ஜோடி சேர்த்துக் கவரில் போடும் வேலைக்குப் பெரிய பிள்ளையைத் தயார் செய்திருப்பார். யாரிடம், என்ன பழக்கம், எந்த நேரம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் புது டீச்சரை நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்துங்கள்.

அவர் நினைவில் வைத்துப் பார்த்துக்கொண்ட காகித வேலைகளும் உண்டு. பதினெட்டு வயதானவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர் நியமனம் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் ஆகிறது. இந்தப் பிள்ளைகளுக்கான அரசின் நிரமயா மருத்துவக் காப்பீட்டைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையில் விவரங்கள் சரியாக இருக்க வேண்டும். ஒரு பெற்றோர் முன்வந்து எல்லாப் பிள்ளைகளின் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதட்டும்.

அவர் பெயரில் பணம் சேர்ந்தால், பெரும்பாலும் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெரியவர் அளவு நாற்காலியில் மூளை முடக்குவாதப் பிள்ளையை உட்காரவைத்தால் ஒரு பக்கம் சரிந்து, முதுகு வளையத் தொடங்கும். இருக்கையின் அகலம் இடுப்பகலத்தைவிட இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் மட்டும் கூட இருக்கட்டும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். பாதம் முழுவதும் மிதிபலகையில் பதிய வேண்டும். இயன்முறை மருத்துவர் அளவெடுத்த பிறகு வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் இலவசமாகக் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டால், சேர்ந்த பணத்தை மலைப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்துபோகும் பஸ் செலவுக்கு வைக்கலாம். அம்மாவுக்குப் போகும் ஒரு நாள் கூலியையும் அதில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.