தொட்டியைத் தேய்க்கச் சொன்னீர்களா?

சமூக மருத்துவப் பயிற்சிக்கு வரும் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பற்றிக் கேட்டால் மளமளவென்று பதில் வருகிறது. பகலில் கடிக்கும், நல்ல தண்ணீரில் பெருகும், டெங்கு வைரசில் நான்கு வகை. எல்லாம் சரி. அதே மாணவர் புறநோயாளிப் பிரிவில் காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவரிடம், "வீட்டுப் பக்கத்தில் சாக்கடை இருக்கிறதா?" என்றுதான் கேட்கிறார்.

வேலூரில் கேட்க வேண்டியது வேறு: "அம்மா, உங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது?" நீரில்லாத ஆறு என்று பாலாற்றை நாமே கேலி பேசும் ஊர் இது. தண்ணீர் வந்த அன்று டிரம், அண்டா, சிமென்ட் தொட்டி எல்லாம் நிரம்பிவிடும். அங்கே போய் "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்பது எனக்கு அபத்தமாகப் படுகிறது. தேக்காமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

சொல்ல வேண்டியது இதுதான். டிரம்மின் வாயைத் துணியால் இழுத்துக் கட்ட வேண்டும். இடுக்கு விட்ட மூடி பயன்படாது. வாரம் ஒருமுறை காலி செய்து, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி. காய்ந்தாலும் மாதக்கணக்கில் அது சாகாது. மறுபடி நீர் பட்டதும் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். தேய்க்காமல் தண்ணீரைக் கொட்டிவிட்டு உடனே மறுபடி பிடித்து வைப்பவர் கொசுவுக்கு உதவியே செய்கிறார். பிரிட்ஜின் பின்தட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். (உங்கள் விடுதிக் குளியலறை வாளிகளையும்தான்.)

டெங்குவோடு நம் கவலை முடிவதில்லை. இந்தியாவில் மனிதர்களிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த வேலூரில். இங்கேயே படிக்கும் பலருக்கு இது புதுச் செய்தி. அதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு, நெல் வயலில் பெருகி, பொழுது சாய்ந்தபின் கடிக்கும். வைரஸ் பெருகுவது பன்றியிலும் கொக்கு, நாரையிலும். காய்ச்சலும் வலிப்புமாக ஒரு குழந்தை வந்தால், ஊரில் நடவு நடந்திருக்கிறதா, அருகில் பன்றி வளர்க்கிறார்களா என்று விசாரியுங்கள்.

கொசுவையே நினைத்துக்கொண்டு, உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலை (ஸ்க்ரப் டைபஸ்) கோட்டைவிடுவதும் நடக்கிறது. நம் பகுதியில் அது அபூர்வம் அல்ல. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கடித்த இடத்தில் கருகிய பொருக்கு இருக்கிறதா என்று ஆடையை விலக்கிப் பார்த்தால்தான் தெரியும். கூச்சத்தில் பலர் பார்ப்பதில்லை.

என்ன மாத்திரை போட்டார் என்பதையும் கேளுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் கூடாது. பாராசிட்டமால் மட்டும் போதும். காய்ச்சல் விட்டது என்று நிம்மதியாகக் கிளம்புபவரைச் சற்று நிறுத்துங்கள். ரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. தட்டணு எண்ணிக்கையைப் பார்ப்பதோடு, ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) ஏறுகிறதா என்றும் பாருங்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே திரும்ப வரச் சொல்லுங்கள். அதை உடன் வந்தவரிடமும் சொல்லி அனுப்புங்கள். அசந்து கிடப்பவர் தானாக எழுந்து வர மாட்டார்.