நூலகத்துக்குள் கத்தரிக்கோல்

நூலகத்தில் ஓவியப் போட்டி நடத்தாதீர்கள். நூலகராக நான் நடத்திய முதல் நிகழ்ச்சியே அதுதான். மூன்று பேர் பரிசோடு போனார்கள். மற்றவர்கள் ‘நமக்கு வரைய வராது’ என்ற முடிவோடு போனார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரையும் காணோம்.

பிறகு போட்டியைக் கைவிட்டு, யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கைவேலை செய்ய ஒரு மேசையைப் போட்டோம். வாராவாரம் அதே நாள், அதே நேரம். பெயர்ப் பதிவு, பரிசு, சான்றிதழ் எதுவும் கிடையாது. பத்து நிமிடம் இருந்துவிட்டு எழுந்து போனாலும் யாரும் கேட்க மாட்டோம்.

அந்த மேசையில் அதிகம் பேரைப் பிடித்து உட்கார வைத்தது குட்டி இதழ்தான். ஒரே ஒரு ஏ4 தாள், பசைகூட வேண்டாம். மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரித்தால் 8 கட்டங்கள் தெரியும். மறுபடி குறுக்கே ஒருமுறை மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் ஒரு கட்டம் அளவுக்கு மட்டும் வெட்ட வேண்டும். பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டிய இடம் வாய் திறக்கும். பக்கங்களைச் சுற்றி மடித்தால் 8 பக்கப் புத்தகம் தயார்; அளவு 74 × 105 மில்லிமீட்டர். சிறுவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். வாய் திறக்கும் அந்த நொடியில் பெரியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! முடிந்த இதழுக்கு எண் கொடுத்து அலமாரியில் வையுங்கள். யாராவது இரவல் எடுத்தார்களா என்று பார்க்கவே எழுதியவர் திரும்பி வருவார்.

அச்சடித்த பக்கத்தில் சில சொற்களை மட்டும் விட்டு, மற்றதைக் கறுப்பு மையால் மறைத்துக் கவிதை எடுப்பது இன்னொன்று. ஒருமுறை, கழித்துக் கட்டிய புத்தகத்தின் தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். பழைய வாசகர் ஒருவர் கதவருகே நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து நகலெடுத்த தாள்தான்.

வெயில் உள்ள நாளில் நீலப்பதிவு (சயனோடைப்) செய்யலாம்; ரசாயனம் பூசிய தாளில் வெயிலால் படம் பதிப்பது. 1842-இல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதித்து நூலாக வெளியிடத் தொடங்கினார். ரசாயனம் பூசிய தாளாகவே வாங்குங்கள், நூலகத்தில் வைத்துக் கலக்க வேண்டாம். இலையை வைத்துச் சில நிமிடம் வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலத்தின் நடுவே வெள்ளை இலை தெரியும். அலசும் தொட்டி அலமாரிகளுக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும். செடிகொடி பற்றிய புத்தகங்களை மட்டும் அன்று மேசைக்கு அருகே கொண்டுவந்து வைப்பேன்.

‘நூலகத்துக்கு எதற்கு இந்த வேலை?’ என்று மேலிடத்தில் கேட்பார்கள். தனிமனிதரின் படைப்பாற்றல் வளர வாய்ப்புத் தருவதைப் பொது நூலகத்தின் பணிகளில் ஒன்றாகவே இஃப்லா (நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு)–யுனெஸ்கோ அறிக்கை சொல்கிறது. 1994 அறிக்கையிலும் இருக்கிறது, 2022-இல் புதுப்பித்ததிலும் இருக்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள்.

கிளிட்டர் தூளை மட்டும் உள்ளே விடாதீர்கள். நான் ஒரே ஒருமுறை விட்டேன். இன்றும் அகராதி வரிசையைத் தூசி தட்டினால் மின்னுகிறது.