டெல்டா: கழிமுகமா, வடிநிலமா, படுகையா?

மேட்டூர் அணையில் தண்ணீர் திறக்கும் ஜூன் மாதம் நெருங்கினால் போதும், ‘டெல்டா மாவட்டங்கள்’ என்ற தொடர் இல்லாமல் நாளிதழ் வருவதில்லை. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை உழவர்களும் ‘டெல்டா பாசனம்’ என்றே சொல்கிறார்கள்.

டெல்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து. பெரிய எழுத்தாக எழுதினால் முக்கோணம். நைல் ஆறு கடலையொட்டிப் பிரிந்து பரவும் நிலத்துக்கு இந்த எழுத்தின் பெயர் வழங்கியதை, கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுத்திலேயே காணலாம். ஆங்கிலம் வழியே அது நமக்கு வந்தது. காவிரிக்கும் வடிவம் பொருந்துகிறது. மேற்குத் திசை மேலே வரும்படி வரைபடத்தைத் திருப்பினால் கல்லணைப் பக்கம் முக்கோணத்தின் உச்சி. கொள்ளிடம் கடலில் கலக்கும் பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரையிலான கடற்கரை அதன் அடிக்கோடு.

ஆனால் டெல்டா என்ற சொல் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. அந்த நிலம் உருவான விதம் அதில் இல்லை. குடகு மலையில் தலைக்காவிரியில் பிறக்கும் ஆறு, ஒகேனக்கல் வரை பாறையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது. மாயனூர்ப் பக்கம் அகண்ட காவிரியாகப் பரந்துவிடுகிறது. சரிவு குறையக் குறைய வேகம் தணிகிறது. வேகம் தணிந்த நீர் தான் சுமந்துவந்த மண்ணைக் கீழே விடுகிறது. முதலில் பருமணல், பிறகு நுண்மணல், கடைசியில் களி. அப்படிப் படிந்த மண்ணே ஆற்றின் அடித்தளத்தை உயர்த்திவிட, வெள்ளக் காலத்தில் நீர் கரையை உடைத்து வேறு தாழ்வான வழியைப் பிடிக்கிறது. கிளையாறுகள் பிறப்பது இப்படித்தான். டெல்டாவில் கிணறு வெட்டும் இடத்தில் நின்று பாருங்கள்: கரிய களி ஓர் அடுக்கு, அதன் கீழே ஆற்றுமணல், மறுபடியும் களி. மணல் கிடக்கும் இடத்தில் முன்னொரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது.

கொள்ளிடத்தின் கதையும் இதுதான். காவிரியைவிட அது தாழ்வு, சரிவும் கூடுதல். அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரெல்லாம் கொள்ளிடத்துக்கே போக, காவிரி மண்மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் தடுமாறியது. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கியது அதைச் சரிசெய்யத்தான்.

இனி, தமிழில் என்ன சொல்வது?

பலரும் எழுதுவது ‘கழிமுகம்’. கழி என்பது கடலையொட்டிய உப்புநீர்ப் பரப்பு. உப்பங்கழி என்ற சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. முகம் என்பது ஆறு கடலைத் தொடும் வாய். நாகைக் கடலோர மீனவர்கள் ‘முகத்துவாரம் தூர்ந்துவிட்டது’ என்பதும் இந்த முகத்தைத்தான். ஆக, கழிமுகம் கடலோரத்துக்கு மட்டுமே உரிய சொல். கடலின் ஏற்றவற்றம் எட்டாத கும்பகோணத்தையும் திருவையாற்றையும் கழிமுகம் என்பது பொருந்தாது. காவிரி கடலில் புகும் இடத்துக்குப் ‘புகார்’ என்ற பழம்பெயரே இருக்கிறது.

‘வடிநிலம்’ இன்னும் பெரிய குழப்பம். மழைநீர் வடிந்து ஓர் ஆற்றில் சேரும் நிலம் முழுவதும் அதன் வடிநிலம். காவிரிக்கு அது 81,155 சதுர கிலோமீட்டர். குடகும் மைசூரும் அதற்குள் வந்துவிடும். டெல்டா அதில் சிறு பகுதி.

‘காவிரிப் படுகை’ காதுக்கு இனிமையானது, எனக்கும் பிடித்தது. ஆனால் ஆற்றங்கரை ஊர்களில் படுகை என்றால் கரைக்கும் நீரோட்டத்துக்கும் இடைப்பட்ட நிலம். வாழையும் மூங்கிலும் வளரும் இடம். உயிரோடு இருக்கும் அந்தப் பொருளை அழித்துவிட்டு நான்கு மாவட்டங்களுக்கு அந்தச் சொல்லைச் சூட்டுவது வேண்டாத வேலை.

ஆகவே என் பரிந்துரை ‘கழிமுகச் சமவெளி’. முகத்துக்குப் பின்னே மண் படிந்து விரிந்த நிலம் முழுவதையும் அது தழுவும். கடலோர வாயை மட்டும் சொல்லும்போது கழிமுகம் என்றே நிறுத்திக்கொள்ளலாம். பேச்சிலும் செய்தியிலும் டெல்டா இருந்துவிட்டுப் போகட்டும். பள்ளிப் பாடநூலில் கழிமுகம், கழிமுகச் சமவெளி இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும்.