மாத்திரைக்கு மெடிகேர் உண்டு, ரத்தப் பரிசோதனைக்கு?

அமெரிக்காவில் சிறுநீரகம் செயலிழந்தவருக்கு, தகுதி இருந்தால், 65 வயதுக்கு முன்பே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு கிடைக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பிறகு அதற்குக் கெடு 36 மாதம். 2022 மார்ச்சில் அறுவை சிகிச்சை என்றால் 2025 மார்ச்சோடு சரி. வயதாலோ ஊனத்தாலோ மெடிகேர் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கெடு இல்லை.

ஆனால் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரைகளை, புதுச் சிறுநீரகம் உழைக்கும் காலம் வரை விடக் கூடாது. காசில்லாமல் மாத்திரையை நிறுத்தி, சிறுநீரகத்தை இழந்து, டயாலிசிஸுக்குத் திரும்பினால் மெடிகேரும் திரும்ப வரும்! இந்தக் கொடுமைக்காகத்தான் 2020 டிசம்பரில் சட்டம் போட்டு, 2023 ஜனவரி 1 முதல் பார்ட் பி-ஐடி என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள்.

36 மாதம் முடிந்து மெடிகேர் நின்றவர்கள், வேறு காப்பீடு இல்லாவிட்டால் இதில் சேரலாம். எப்போது வேண்டுமானாலும் சேரலாம், தாமதத்துக்கு அபராதம் இல்லை. 2025-ல் மாதச் சந்தா 110.40 டாலராக இருந்தது, வருமானம் அதிகமானால் சந்தாவும் ஏறும். வருடத்தின் முதல் செலவும் (2025-ல் 257 டாலர்), அதற்கு மேல் மருந்து விலையில் 20 சதவீதமும் நம் கைக்காசு. வருமானம் குறைவு என்றால் சந்தா கட்ட மாநில உதவியைக் கேளுங்கள். விண்ணப்பிக்க சோசியல் செக்யூரிட்டி என்ற அரசு அலுவலகத்தின் 1-877-465-0355 என்ற எண்ணை அழைக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: பார்ட் பி-ஐடி இந்த மாத்திரைகளுக்கு மட்டும்தான். டாக்டர் கட்டணமும் லேப் கட்டணமும் அதில் வராது.

அது சின்ன விஷயம் இல்லை. இந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். கூடினால் அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ஏறுகிறதா, மருந்தின் அளவு சரியா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் டோஸை முடிவு செய்கிறார்கள். நாளைக்கு இரண்டு வேளை டாக்ரோலிமஸ் எடுப்பவர் இரவு எட்டுக்குப் போட்டால், மறுநாள் காலை எட்டு மணிவாக்கில், அடுத்த மாத்திரைக்கு முன் ரத்தம் கொடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும், டோஸ் தப்பாகக் குறையலாம். அன்று மாத்திரை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ரத்தம் கொடுத்த கையோடு போட்டுக்கொள்ளலாம்.

அதனால் என் யோசனை: கட்டுப்படியானால், அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையான மார்க்கெட்பிளேஸில் காப்பீட்டையே எடுங்கள். அதில் லேப், டாக்டர் எல்லாம் அடங்கும், பழைய நோயைக் காட்டி மறுக்கவும் முடியாது. மெடிகேர் நின்ற 60 நாளுக்குள் சேர வேண்டும். அதில் சேர்ந்தால் பார்ட் பி-ஐடி கிடையாது. ஏற்கெனவே பார்ட் பி-ஐடியில் இருந்தால், புதுக் காப்பீட்டில் சேர்ந்த 60 நாளுக்குள் சோசியல் செக்யூரிட்டிக்குத் தெரிவிக்க வேண்டும். முப்பதாவது மாதத்திலேயே உங்கள் மருத்துவமனையின் சோசியல் வொர்க்கரிடம் உட்கார்ந்து, இரண்டிலும் உங்கள் செலவு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுவிடுங்கள்.